சட்டமிட்ட பழைய கேலிச்சித்திரம்: சக்கரச் சறுக்குக் கூடத்தில் ஒரு பெண்ணும் விழுந்த கனவானும் (காலத்தைக் கணிக்க உதவி வேண்டும்)

தென்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் தென்கரையில் நான் வசிக்கும் ஊரில் ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருள் சந்தையில், சென்ற மாதம் சட்டமிட்ட ஒரு கேலிச்சித்திரத்தை 35 பவுண்டு கொடுத்து வாங்கினேன். "விக்டோரியா காலத்து நகைச்சுவைப் படம்" என்பதற்கு மேல் விற்றவர் எதுவும் சொல்லவில்லை. விக்டோரியா அரசி 1837 முதல் 1901 வரை 63 ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்சியில் இருந்தவர் என்பதால், அந்த விவரத்தை வைத்துக்கொண்டு எதையும் நிச்சயிக்க முடியவில்லை. படத்தில் தேதியோ, இதழின் பெயரோ, ஓவியரின் கையொப்பமோ கண்ணுக்குத் தெரியும்படி இல்லை.

படத்தைச் சுற்றி வைத்திருக்கும் மவுண்ட் அட்டையின் திறப்புக்குள் தெரியும் பகுதி சுமார் 17 செ.மீ. அகலமும் 19 செ.மீ. உயரமும் கொண்டது. காட்சி ஒரு பெரிய கூடம். பின்புறம் உயரமான மேடையில் வாத்தியக் குழு அமர்ந்திருக்கிறது. கூரையிலிருந்து வாயு விளக்குகள் தொங்குகின்றன. முன்னால், பருத்த உடலுடைய ஒரு கனவான் தரையில் உட்கார்ந்த நிலையில் விழுந்து கிடக்கிறார். கால்கள் இரண்டும் மேலே தூக்கியிருக்க, சக்கரம் பூட்டிய அடிப்பாகம் நம்மைப் பார்த்தபடி இருக்கிறது. அவருடைய உயரமான தொப்பி சற்றுத் தள்ளி உருண்டு கிடக்கிறது. அவருக்குப் பின்னால் ஓர் இளம்பெண் உடலை ஒரு பக்கமாகச் சாய்த்து, வளைவாகச் சறுக்கிக் கடந்து போகிறாள். சுவரோரப் பெஞ்சில் மூன்று மூதாட்டிகள் அமர்ந்திருக்கிறார்கள். இன்னொரு மூலையில் கூடத்துப் பணியாளன் ஒருவன் மண்டியிட்டு ஒரு பெண்ணின் காலில் தோல்வாரை இறுக்குகிறான். பெண்ணின் உடை ரோஜா நிறம், கனவானின் உட்சட்டை மஞ்சள். மற்றவை வெளிறிய வண்ணங்கள்.

இது எந்தக் காலத்தைச் சேர்ந்தது? வண்ணம் அச்சிடும்போதே வந்ததா? சட்டத்தைப் பிரிக்கலாமா, அப்படியே விட்டுவிடுவது நல்லதா? இந்தப் படம் என்னை வெகுவாகக் கவர்ந்துவிட்டது. வீட்டில் வந்து பார்ப்பவர்கள் எல்லோரும் விழுந்தவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். என் கண் என்னவோ அந்தப் பெண்ணிடமே போய் நிற்கிறது.

பழையதாள் எழுதியது:

நல்ல கேள்விகள். சட்டத்தைத் தொடுவதற்கு முன், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்றை வாங்கி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நிழல் விழும் இடங்கள் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனவையா, முழுக் கோடுகளால் ஆனவையா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. ஒழுங்காக அடுக்கிய புள்ளிகள் தெரிந்தால், அது பிற்காலத்தில் புகைப்பட முறையில் எடுத்த மறுஅச்சு. கூர்மையான, அறுந்துபோகாத கரிய கோடுகள் தெரிந்தால், அது மரச்செதுக்கு அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த முறையைக் கொஞ்சம் விளக்குகிறேன். லண்டன் வார இதழ்கள் படங்களை அச்சிடப் பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பைப் பயன்படுத்தின. அந்த மரம் மிக மெதுவாக வளர்வது, அடிமரம் பருமனாவதில்லை. எனவே பெரிய படம் வேண்டுமானால் பல சிறு துண்டுகளைத் திருகாணியால் இணைத்து ஒரே பாளமாக்குவார்கள். அவசரமான நேரங்களில் பாளத்தைப் பிரித்து, ஆளுக்கொரு துண்டாகப் பல செதுக்குநர்களிடம் கொடுத்து, பிறகு சேர்த்துக்கொள்வார்கள். சேர்க்கும் இடம் துல்லியமாகப் பொருந்தாவிட்டால், அச்சில் மயிரிழை போன்ற ஒரு வெள்ளைக் கோடு படத்தின் குறுக்கே நேராக ஓடும். அந்தக் கோடு உங்கள் படத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். நான் அதைக் குறையாக எண்ணுவதில்லை. இரவெல்லாம் விழித்து வேலை செய்த பட்டறையின் தடம் அது.

வண்ணத்தைப் பற்றி: 1860, 1870-களில் இத்தகைய நகைச்சுவை வார இதழ்களின் படங்கள் பெரும்பாலும் கருப்பு மையில்தான் வந்தன. உங்கள் படத்திலுள்ள நீர்வண்ணம், இதழ்களைச் சேர்த்துத் தைத்த தொகுதியிலிருந்து தாளைப் பிரித்துத் தனியாக விற்கும்போது எவரோ கையால் தீட்டியதாகவே இருக்கும். கன்னத்தின் சிவப்பும் உடையின் ரோஜா நிறமும் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

பெயர்க் காரணம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'கார்ட்டூன்' என்பது முன்பு சுவரோவியத்துக்கான முழு அளவு மாதிரி வரைவைக் குறித்த சொல். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் சுவர்களுக்காக வரைந்த மாதிரிகளை 1843-இல் காட்சிக்கு வைத்தபோது, லண்டன் நகைச்சுவை வார இதழான 'பஞ்ச்' அதைக் கேலி செய்யும் விதமாகத் தன் படங்களுக்கும் அதே பெயரைச் சூட்டியது. ஜான் லீச் வரைந்த படம்தான் அந்த வரிசையில் முதலாவது. அந்தக் கேலிதான் இன்று நாம் பயன்படுத்தும் பொருளாக நிலைத்துவிட்டது.

மதுரைவாசகி எழுதியது:

அண்ணா, வயலின் வாசித்துக்கொண்டே சக்கரக் காலணியில் வந்து கண்ணாடியில் மோதிய ஒருவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். இந்தப் படம் அந்த நிகழ்ச்சியைப் பற்றியதாக இருக்குமோ? இல்லையென்றால் பனிச்சறுக்காகவும் இருக்கலாம் அல்லவா? லண்டன் செல்சியில் ஜான் கேம்ஜி செயற்கைப் பனித்தளம் திறந்தது 1876-இல் என்று நினைவு.

பழையதாள் எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்பவர் ஜான் ஜோசப் மெர்லின். இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஊயி என்னும் ஊரில் 1735-இல் பிறந்து, லண்டனில் வாழ்ந்த கருவி வினைஞர். சோஹோ சதுக்கத்தின் கார்லைல் மாளிகையில் நடந்த முகமூடி விருந்தில், தாமே செய்த சக்கரக் காலணியுடன் வயலின் வாசித்தபடி வந்து, நிற்கவும் திரும்பவும் வழியில்லாமல் 500 பவுண்டுக்கும் மேல் விலைமதிப்புள்ள நிலைக்கண்ணாடியில் மோதினார் என்று தாமஸ் பஸ்பி 1825-இல் எழுதி வைத்திருக்கிறார். மெர்லின் 1803-இலேயே மறைந்துவிட்டார். உங்கள் செல்சி நினைவும் சரியே. ஆனால் தென்கரை ஐயா விவரித்த படத்தில் சக்கரங்கள் தெளிவாகத் தெரிவதாகச் சொல்கிறார். ஆகவே பனித்தளம் அல்ல.

தென்கரை எழுதியது:

கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். புள்ளிகள் இல்லை, எல்லாம் கோடுகளே. கனவானின் தொப்பிக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளை இழை ஓடுகிறது. அதே நேர்க்கோட்டில் மேலே வாத்தியக் குழுவில் ஒருவருடைய வில்லும் அறுபட்டிருக்கிறது. இத்தனை நாள் அதைத் தாளின் மடிப்பு என்று நினைத்திருந்தேன். உட்சட்டையின் மஞ்சள் பொத்தான் வரிசையைக் கடந்து வெளியே வழிந்திருக்கிறது. மிக்க நன்றி.

சக்கரங்களையும் பெரிதாக்கிப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரங்கள் இருக்கின்றன. பெண்ணின் காலில் உள்ள சக்கரங்கள் கோணலாக வரையப்பட்டிருப்பதுபோல் தோன்றுகிறது. ஓவியர் தவறிவிட்டாரோ?

கோவைச்சறுக்கர் எழுதியது:

ஐயா, அவர் தவறவில்லை. நான் கோவையில் பிள்ளைகளுக்கு ரோலர் ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். தொடக்க வகுப்பில் நான்கு சக்கர ஸ்கேட்டைத்தான் மாட்டிவிடுகிறோம். நீங்கள் இணைத்த படத்தைப் பார்த்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

தொடக்ககாலச் சக்கரக் காலணிகளில் சக்கரங்கள் ஒரே வரிசையில் இருந்தன. பாரிசில் பெத்திப்ளே 1819-இல் காப்புரிமை பெற்றதும் அப்படித்தான்; லண்டனில் பழ வணிகர் ராபர்ட் ஜான் டையர்ஸ் 1823-இல் ஐந்து சக்கரங்களுடன் கொண்டுவந்த 'வொலிட்டோ'வும் அப்படித்தான். நேராகப் போகலாம்; அழகாக வளைந்து திரும்புவது கடினம். நாடக மேடையில் பனிச்சறுக்குபோல் காட்டுவதற்கு அது போதுமானதாக இருந்தது. பாரிசில் 1849-இல் அரங்கேறிய மேயர்பீரின் 'லெ ப்ரொஃபெத்' இசைநாடகத்தில் பனிச்சறுக்குக் காட்சியைச் சக்கரத்தின் மேல்தான் நடத்தினார்கள்.

அமெரிக்கரான ஜேம்ஸ் லெனர்ட் பிளிம்டன் 1863-இல் நியூயார்க்கில் காப்புரிமை பெற்ற ஸ்கேட்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அவர் சக்கரங்களை முன்னே ஒரு சோடி, பின்னே ஒரு சோடி என்று பிரித்தார். ஒவ்வொரு சோடியின் அச்சையும் பாதப்பலகையின் அடியில் சாய்வான சுழல்முனையில் பொருத்தி, இடையே ரப்பர் மெத்தை வைத்தார். நீங்கள் இடப்பக்கம் சாய்ந்தால், பலகையும் உங்களோடு சாயும். அப்போது முன் அச்சின் இடப்பக்க முனையும் பின் அச்சின் இடப்பக்க முனையும் ஒன்றையொன்று நெருங்கும். வலப்பக்க முனைகள் விலகும். நான்கு சக்கரங்களும் ஒரு வட்டத்தின் பகுதியில் ஓடத் தொடங்கும். சாய்வை நிறுத்தினால் ரப்பர் பலகையை மீண்டும் நேராக்கிவிடும். காலைத் தரையிலிருந்து எடுக்காமல், உடலின் சாய்வினாலேயே திரும்பலாம் என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பின் உயிர். நான் இன்றும் பிள்ளைகளிடம் "காலைத் திருப்பாதே, உடம்பைச் சாய்" என்று சொல்வது பிளிம்டன் வகுத்த விதியைத்தான்.

இப்போது உங்கள் படத்தைப் பாருங்கள். அந்தப் பெண் தன் வலப்பக்கமாகச் சாய்கிறாள். அவள் ஸ்கேட்டின் வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் நெருங்கி, இடப்பக்கச் சக்கரங்கள் விலகியிருக்கின்றன. அதைத்தான் நீங்கள் கோணல் என்கிறீர்கள். தரையில் கிடப்பவரின் ஸ்கேட்டில் பாரம் எதுவும் இல்லாததால், அங்கே அச்சுகள் இரண்டும் இணையாக, நேராக இருக்கின்றன. வரைந்தவர் கூடத்துக்குப் போய், சக்கரம் எப்படி நடந்துகொள்கிறது என்று குனிந்து பார்த்திருக்கிறார். கேலிப்படம் போடுபவருக்கு இந்தத் துல்லியம் தேவையே இல்லை. நான்கு சக்கரத்தை எப்படியாவது கிறுக்கியிருந்தாலும் வாசகர் சிரித்திருப்பார்.

தரையையும் கவனியுங்கள். பலகைக் கோடுகள் இல்லை. வளைவான தடங்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்நாளைய பிரிட்டிஷ் கூடங்களில் நிலக்கீல் அல்லது சிமெண்டுத் தளம் பல இருந்தன.

ஊசிநூல் எழுதியது:

உடையைக் கொண்டு காலத்தைச் சொல்லலாம் என்பதால் நானும் சேர்ந்துகொள்கிறேன். பிளிம்டனின் ஸ்கேட் 1863-இல் வந்தது என்றால் படம் அதற்குப் பிந்தியது என்பது மட்டும்தான் தெரியும். உடை அந்த இடைவெளியை இன்னும் சுருக்கிவிடும்.

1860-களில் ஆங்கிலேயப் பெண்கள் வளையக் கூண்டு வைத்த, கூடாரம்போல் விரிந்த பாவாடை அணிந்தார்கள். 1870-களின் தொடக்கத்தில் முன்பக்கம் தட்டையாகி, துணியெல்லாம் இடுப்புக்குப் பின்னால் மேடாக உயர்ந்தது. 1875-ஐ ஒட்டி அந்த மேடும் அடங்கி, மேற்சட்டை கவசம்போல் இடுப்பைத் தாண்டி இறுகி, பாவாடை கால்களைச் சுற்றி ஒட்டிக்கொண்டது. பாவாடையின் உட்புறம் நாடாக்கள் தைத்து, அவற்றை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து முடிந்துவிடுவார்கள்; முன்புறம் வழவழவென்று படிந்து, பின்புறம் துணி கீழே விசிறியாக விழும். 1880-களின் நடுவில் பின்மேடு மறுபடியும் வந்துவிட்டது. உங்கள் படத்துப் பெண்ணின் உடலோடு ஒட்டிய பாவாடையும், முழங்காலுக்குக் கீழே மட்டும் பின்னோக்கி விரியும் துணியும் 1875 முதல் சில ஆண்டுகளுக்கு உரியவை.

அதே சமயம் பெஞ்சில் இருக்கும் மூதாட்டிகளின் பாவாடைகள் அகலமாக இருக்கின்றன. வயதானவர்கள் தங்கள் இளமைக் காலத்து உடையை விடமாட்டார்கள் என்பதை ஓவியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். இளம்பெண்ணுக்குத் துணையாக வந்து, அவள் யாருடன் கைகோக்கிறாள் என்று கவனிப்பதே அந்த மூவரின் வேலை. பெஞ்சில் உட்கார்ந்தபடி, வேகமாகச் சுழலும் கூட்டத்தில் அதைக் கவனிக்க முடியாது என்பதுதான் இளைஞர்களுக்கு அந்தக் கூடங்கள் பிடித்ததற்கு ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முழங்காலில் கட்டுண்ட பாவாடையோடு எட்டி அடிவைக்க முடியாது. சாய்ந்தால் திரும்பும் ஸ்கேட் அந்த உடைக்கு எவ்வளவு பொருந்தியிருக்கும் என்று கோவைத் தம்பியின் விளக்கத்தைப் படித்ததும் புரிந்தது.

வழக்காடி எழுதியது:

காப்புரிமைச் சட்டம் படித்தவர்களுக்குப் பிளிம்டன் பழக்கமான பெயர். அவர் தம் கண்டுபிடிப்புக்கு 1865-இல் பிரிட்டனிலும் காப்புரிமை பெற்றார். 1870-களின் நடுவில் லண்டனிலும் பிரைட்டன் போன்ற கடற்கரை ஊர்களிலும் சறுக்குக் கூடங்கள் மளமளவென்று எழுந்தன. அந்த மோகத்துக்குப் பத்திரிகைகள் 'ரிங்கோமேனியா' என்றே பெயர் வைத்தன. 'ரிங்க்' என்பது ஸ்காட்லாந்தில் பனிமேல் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் களத்தைக் குறித்த சொல். அது இப்படிச் சக்கரத்தின் மேல் ஏறிப் பயணப்பட்டது.

பணம் புரளும் இடத்தில் போலியும் வரும். சற்றே மாற்றிச் செய்த ஸ்கேட்டுகளை எதிர்த்துப் பிளிம்டன் தொடுத்த வழக்குகளில் ஒன்று மால்கம்சன் என்பவர் மீது 1876-இல் நடந்தது. நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல். அமெரிக்கக் காப்புரிமை விவரம் அடங்கிய நூல் ஒன்று லண்டன் காப்புரிமை அலுவலக நூலகத்துக்கு முன்பே வந்திருந்தது, ஆகவே இது புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பது எதிர்த்தரப்பு வாதங்களுள் ஒன்று. அலமாரியில் ஒரு நூல் இருப்பதாலேயே பொதுமக்கள் அதை அறிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்று ஜெசல் கருதினார், பிளிம்டன் வென்றார். ஸ்பில்லர் மீதான வழக்கிலும் மறு ஆண்டு மேல்முறையீட்டில் அவர் பக்கமே தீர்ப்பானது. 'பொது அறிவுக்கு வந்தது' என்றால் என்ன என்ற கேள்வி எழும்போது அந்த முதல் தீர்ப்பை மேற்கோள் காட்டுவது எங்கள் துறையில் நெடுங்காலப் பழக்கம்.

அமெரிக்காவில் பிளிம்டன் தம் ஸ்கேட்டைக் கடையில் விற்காமல், கூடங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்து வந்தார். உங்கள் படத்தில் பணியாளன் மண்டியிட்டு வார் இறுக்குகிறான் அல்லவா? வருபவர்கள் சொந்த ஸ்கேட் கொண்டுவருவதில்லை. அங்கேயே வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது.

முழுத்தொகுதி எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆறு மாத இதழ்களைச் சேர்த்துத் தைத்த தொகுதியை உடைத்து, நல்ல படங்களை மட்டும் கத்தியால் அறுத்து, வண்ணம் பூசி, சட்டம் போட்டு விற்கிறார்கள். மிச்சம் குப்பைக்குப் போகிறது. ஒரு தாளை 35 பவுண்டுக்கு வாங்கும் ஒவ்வொருவரும் அடுத்த தொகுதி உடைபடுவதற்கு விலை கொடுக்கிறார்கள். என் கல்லூரிக் காலத்தில் நான் பயன்படுத்திய ஒரு நூலகத்தில், படம் இருந்த பக்கங்கள் எல்லாம் அறுக்கப்பட்டு, தையலை ஒட்டிய விளிம்புகள் மட்டும் பல்லிளித்துக்கொண்டிருந்த தொகுதிகளைப் பார்த்தேன். அதன் பிறகு இத்தகைய சட்டங்களைச் சுவரில் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. ஐயாவைக் குறை சொல்லவில்லை. இது என் மனக்குறை.

தென்கரை எழுதியது:

உங்கள் வருத்தம் நியாயமானது. வாங்கும்போது நான் அதை யோசிக்கவில்லை. இந்தத் தாள் எப்போது அறுக்கப்பட்டது என்று தெரியாது என்றாலும், அறுக்கப்பட்டதால் அது எதை இழந்திருக்கிறது என்பதையாவது நான் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை தகவலுக்குப் பிறகு சட்டத்தைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க மனம் ஒப்பவில்லை. எப்படிச் செய்வது?

பழையதாள் எழுதியது:

கட்டாயம் பிரியுங்கள். மரப்பாளத்தின் உயரமும் ஈய எழுத்தின் உயரமும் ஒன்றே என்பதால், படத்தையும் எழுத்தையும் ஒரே அச்சில் பூட்டி அடித்தார்கள். ஆகவே இதழ்த்தாளின் பின்புறத்தில் பெரும்பாலும் எழுத்து இருக்கும். அந்த எழுத்துதான் உங்களுக்குச் சான்று.

சட்டத்தைக் குப்புற வைத்து, பின்னால் ஒட்டிய பழுப்புத் தாளை விளிம்போரம் கீறி, ஆணிகளைக் குறட்டால் மெல்ல இழுங்கள். தாள் அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, தாள் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். நீராவி காட்டுவது, தண்ணீர் தடவுவது எதுவும் வேண்டாம். கையால் தீட்டிய வண்ணம் ஒரு சொட்டு நீரிலும் கலையலாம். வண்ணத்தை அகற்றிவிடலாமா என்று பிறகு உங்களுக்குத் தோன்றும்; அதுவும் வேண்டாம். அதுவும் இந்தத் தாளின் வரலாற்றில் ஒரு பகுதிதான்.

மவுண்ட் அட்டையின் திறப்பைச் சுற்றித் தாளில் பழுப்பு வரி விழுந்திருந்தால், அது மரக்கூழ் அட்டையின் அமிலம் செய்த வேலை. திரும்பச் சட்டமிடும்போது அமிலமில்லாத அட்டையும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் கேளுங்கள். ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமைப் பசையும் கொண்டு மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிட வேண்டும். செலோடேப் வாசனையே அதன் பக்கம் வரக்கூடாது.

தென்கரை எழுதியது:

நேற்றிரவு பிரித்தேன். கை நடுங்கியதால் நடுவில் இரண்டு முறை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்தேன். தாள் ஒட்டப்படவில்லை, மேலே இரண்டு இடத்தில் பசைநாடா மட்டுமே இருந்தது.

முதலில் வண்ணத்தைச் சொல்கிறேன். அட்டைக்கு அடியில் மறைந்திருந்த விரற்கடை அகலப் பகுதியில், பெஞ்சோரத்து மூதாட்டியின் சால்வை அடர்ந்த ஊதா நிறம். வெளியே தெரிந்த பகுதியில் அதே சால்வை சாம்பல் நிறமாகியிருக்கிறது. இத்தனை நாள் அவர் சாம்பல் சால்வை போர்த்தியிருப்பதாகவே எண்ணியிருந்தேன். வெயில் எவ்வளவு தின்றிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பழுப்பு வரியும் நீங்கள் சொன்னபடியே நான்கு பக்கமும் இருக்கிறது.

இழப்பு கீழ் விளிம்பில்தான். படத்துக்குக் கீழே இருக்க வேண்டிய உரையாடலைச் சட்டத்தின் அளவுக்காக யாரோ அறுத்துவிட்டிருக்கிறார்கள். முதல் வரியின் மேல்பாதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. எழுத்துகளின் தலைகள் தெரிகின்றன, சொற்களைப் படிக்க முடியவில்லை. மேலேயும் இதழின் பெயரும் தேதியும் இருந்திருக்கக்கூடிய பகுதி போய்விட்டது. முழுத்தொகுதி ஐயா சொன்ன வருத்தம் எனக்கு இப்போது நேரடியாகவே புரிகிறது. அந்தப் பெண் ஏதோ சொல்லியிருக்கிறாள், அல்லது விழுந்தவர் அவளிடம் ஏதோ கேட்டிருக்கிறார். அது என்னவென்று இந்தத் தாள் இனி சொல்லாது.

பின்புறம் இரண்டு பத்தி எழுத்து. ஒரு பத்தி கவிதை. மற்றொன்று நாடாளுமன்றத்தில் அந்த வாரம் நடந்தவற்றின் தொகுப்பு; அதில் அரசியின் பட்டத்தை மாற்றும் மசோதாவைப் பற்றிய விவாதம் பேசப்படுகிறது. 'பேரரசி' என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. மசோதா இன்னும் நிறைவேறவில்லை என்பதுபோல் எழுதியிருக்கிறார்கள்.

வழக்காடி எழுதியது:

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. அரசப் பட்டங்கள் மசோதாவைப் பிரதமர் டிஸ்ரேலி 1876 பிப்ரவரியில் கொண்டுவந்தார். விக்டோரியாவை 'இந்தியப் பேரரசி' ஆக்குவதே அதன் நோக்கம். கடும் எதிர்ப்பு இருந்தது. அலாவுதீன் கதையில் வரும் விளக்கு வியாபாரிபோல் டிஸ்ரேலி பழைய கிரீடத்துக்குப் புதுக் கிரீடம் மாற்றுவதாக ஜான் டென்னியல் 'பஞ்ச்' இதழில் ஏப்ரல் மாதம் வரைந்த படம் புகழ்பெற்றது. ஏப்ரல் 27 அன்று மசோதா சட்டமானது. ஆகவே உங்கள் தாள் 1876 பிப்ரவரி நடுவுக்கும் ஏப்ரல் கடைசிக்கும் இடைப்பட்டது. சக்கரமும் உடையும் சொன்னது அதே ஆண்டைத்தான். எந்த இதழ் என்பதை, அந்த மாதங்களின் தொகுதிகளை நூலகத்தில் புரட்டினால் கண்டுபிடித்துவிடலாம். அறுபட்ட உரையாடலும் அங்கே முழுதாக இருக்கும்.

மதுரைவாசகி எழுதியது:

1876 ஏப்ரலில் பிறந்தது தாது வருடம். அந்த ஆண்டு மழை பொய்த்துச் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி பஞ்சத்தில் விழுந்தது; 'தாது வருடப் பஞ்சம்' என்று எங்கள் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் புதிய பட்டத்தை அறிவிக்க டெல்லியில் தர்பார் கூட்டிய 1877 ஜனவரி முதல் நாளில் இங்கே மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே தாளின் ஒரு பக்கத்தில் சறுக்குக் கூடம், மறுபக்கத்தில் அந்தப் பட்டம். அண்ணா, பின்புறத்தைத் தயவுசெய்து மறுபடியும் அட்டையால் மூடிவிடாதீர்கள்.

பழையதாள் எழுதியது:

மூட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்துச் சட்டமிடும் முறை இருக்கிறது. செலவு கொஞ்சம் கூடும். தாள் கண்ணாடியைத் தொடாதபடி இரு புறமும் மவுண்ட் அட்டையின் கனம் இடைவெளியாக இருக்கட்டும். கீழ் விளிம்பில் அந்த அரைகுறை எழுத்துகளும் வெளியே தெரியும்படி திறப்பை வெட்டச் சொல்லுங்கள்.

தென்கரை எழுதியது:

அப்படியே சொல்லிவிட்டேன். சட்டம் தயாராக மூன்று வாரம் ஆகும். மாடிப்படிக்கு எதிரே வெயில் படாத சுவர் ஒன்று இருக்கிறது. அங்கே கொக்கியில் மாட்டி, வேண்டும்போது எடுத்துத் திருப்பிப் படிக்கலாம். நூலகத்துக்கு அடுத்த வாரம் போகிறேன். உரையாடல் கிடைத்தால் நகலெடுத்துச் சட்டத்துக்குள் ஒட்டாமல், பின்னால் ஓர் உறையில் வைப்பேன்.

கோவைச்சறுக்கர் எழுதியது:

ஐயா, ஒரு செய்தி. உங்கள் படத்தை இன்று காலை வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், இந்த அக்கா முழங்காலை மடக்கவே இல்லை. அடுத்து இவங்கதான் விழுவாங்க" என்றாள். முழங்காலை மடக்கு என்று தினமும் நான்தான் அவளைப் படுத்துகிறேன். பாவாடை மறைப்பதால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஊசிநூல் எழுதியது:

அந்தக் குழந்தையிடம் சொல்லுங்கள் தம்பி: முழங்கால் மடங்கித்தான் இருக்கிறது. பாவாடையின் முன்புறத்தில், நாடா கட்டியிருக்கும் உயரத்துக்குச் சற்று மேலே, துணி இரண்டு பக்கமும் குறுக்காக இழுபட்டு மூன்று சிறு மடிப்புகள் விழுந்திருக்கின்றன. நேராக நிற்கும் காலில் அந்த மடிப்பு விழாது. வண்ணம் தீட்டியவர் அதன்மேல் ரோஜா நிறத்தைக் கெட்டியாகப் பூசியிருப்பதால் சட்டென்று தெரியவில்லை. பெரிதாக்கிக் காட்டினால் கோடுகள் தெரியும்.